குக்ரி கப்பல்: மாமன் மேலே இருந்தாரா, கீழே இருந்தாரா?

விளவங்கோட்டாள் | டிசம்பர் 9, இரவு 8:52

இன்றைக்கு ஒன்பதாம் தேதி. 1971-இல் இதே இரவு, ஏறக்குறைய இதே நேரத்தில்தான், டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தள்ளி நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி, பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்து மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர். அதில் ஒருவர் என் அம்மாவின் அண்ணன். நான் அப்போது சின்னப் பிள்ளை. மாமன் தோளில் உட்கார்ந்து சக்கை (பலாப்பழம்) பறித்ததாக அம்மா சொல்லுவார், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

டிசம்பர் 4 கடற்படை தினம். கராச்சியை ஏவுகணைப் படகுகள் அடித்த நாள் என்று ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் போடுகிறார்கள், போடட்டும், அது பெரிய வெற்றிதான். ஐந்து நாள் கழித்து வருகிற ஒன்பதாம் தேதியைப் பற்றி நம் பக்கத்தில் யாராவது ஒரு வரி எழுதுகிறார்களா என்று நான் வருஷாவருஷம் தேடிப் பார்க்கிறேன். குக்ரி என்றால் கேப்டன் மகேந்திர நாத் முல்லாவின் கதை வரும். உயிர்காப்பு மிதவையை இன்னொரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு கப்பலோடு போனவர், மகாவீர் சக்கரம் பெற்றவர். அந்த மனுஷரை எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதோடு கதை முடிந்துவிடுகிறது. கப்பல் ஏன் அங்கே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, கூட வந்த கிர்பான் கப்பல் ஏன் விலகிப் போனது, தண்ணீரில் விழுந்தவர்கள் விடியும்வரை ஏன் கிடந்தார்கள், இதையெல்லாம் பாட்டி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். தந்தியில் வந்தது ஒரே வரி: காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது. அதற்குப் பிறகு நாங்கள் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதிலில் அனுதாபம் இருந்தது, விவரம் இல்லை.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். வீண் சண்டை வேண்டாம்.

பழைய மாலுமி | டிசம்பர் 9, இரவு 9:40

தங்கச்சி, நான் செங்கோட்டைப் பக்கம். 1978-இல் சேர்ந்தேன், ஸோனார் (ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் கருவி) பிரிவில் 15 வருஷம். குக்ரி மூழ்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், ஆனால் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்தப் போரில் இருந்தவர்கள்.

முதலில் வேக விஷயம். குக்ரி, கிர்பான், குடார் மூன்றும் ஒரே வகை, பிரிட்டனில் கட்டிய சின்ன ஃப்ரிகேட் கப்பல்கள், நீர்மூழ்கியைத் தேடுவதற்கென்றே உண்டானவை. குடார் கொதிகலன் அறையில் வெடித்து பம்பாய்க்கு இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று. மீதி இரண்டும்தான் போயின. எதிரே இருந்தது பாகிஸ்தானின் ஹங்கோர், பிரான்ஸில் கட்டிய டாஃப்னே வகை, அந்தக் காலத்தில் புத்தம் புதிது. அது நம் கப்பலின் சத்தத்தை எங்கேயோ தூரத்திலேயே கேட்டுவிடும். நம்முடைய 170, 174 ஸோனாருக்கு அது வெகு பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இருட்டு அறையில் நாம் கையால் தடவித் தேடுகிறோம், அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து நம் காலடிச் சத்தத்தைக் கேட்கிறான், அப்படிப்பட்ட நிலைமை.

இந்தக் குறையைச் சரிசெய்ய லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி ஒரு கருவி செய்திருந்தார். இருக்கிற ஸோனாரோடு சேர்த்தால் இன்னும் தூரத்துக்குக் கேட்கும். அதைச் சோதிக்க அவரே குக்ரியில் ஏறினார், அவரும் திரும்பவில்லை. ஸோனாருக்குத் தன் கப்பலின் இரைச்சலே பெரிய எதிரி, வேகம் குறைந்தால் காது தெளியும். அதனால் மணிக்கு 25 கடல் மைலுக்கு (25 நாட்) மேல் ஓடக்கூடிய கப்பல் 12 நாட் வேகத்தில் போனது. நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்த கடலில், அதைத் தேடத்தான் போகிறோம் என்று தெரிந்தே, அந்த வேகம். காது தெளிந்ததா இல்லையா நமக்குத் தெரியாது, குறி வைப்பவனுக்கு மட்டும் வேலை லேசாகிவிட்டது.

சோதனையே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். போர் நடுவில்தான் கருவியின் தேவை தெரியும். ஆனால் அதை எந்த இடத்தில் செய்யலாம், யார் அனுமதித்தது, வேகத்தைக் குறைக்கச் சொன்னது யார் முடிவு? முல்லா சாரா, மேலிருந்து வந்த உத்தரவா? இதற்குத்தான் வெளிப்படையான பதில் வேண்டும்.

நேரடி96 | டிசம்பர் 9, இரவு 10:15

எல்லாரும் பெரியவர்கள், மன்னிக்கணும். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. போரில் கப்பல் மூழ்கும். முல்லா மாதிரி ஒரு தலைவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடலுக்குள் போனார். இப்போது வேகம் ஏன் குறைந்தது என்று கிளறினால் கடைசியில் அது அவர் தலையில்தான் விடியும். அவரால் பதில் சொல்ல முடியாது. அது நியாயமா? எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

விளவங்கோட்டாள் | டிசம்பர் 9, இரவு 10:31

தம்பி, நீ கேட்டதில் தப்பில்லை. பாட்டி ஒருநாள்கூட முல்லாவைக் குறை சொன்னதில்லை. "அவன் அம்மாவும் என்னைப்போலத்தானே" என்பார். ஆனால் ஒன்று யோசித்துப் பார். ஒரு தலைவன் தைரியமாகச் செத்தார் என்பதும், அந்தக் கப்பலை அந்த நிலைமையில் யார் அனுப்பினார்கள் என்பதும் இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் இரண்டாவதைக் கேட்கக்கூடாது என்று ஆகிவிட்டது. அவரோடு போன 193 பேருக்கும் வீடு இருந்தது.

தூத்தூர் தங்கல் | டிசம்பர் 10, காலை 5:20

அக்கா, நான் தூத்தூர்க்காரன். எங்கள் ஊர் ஆட்கள் தங்கலுக்கு, அதாவது முப்பது நாப்பது நாள் கடலிலேயே கிடந்து சுறாவும் சூரையும் பிடிக்க, கொச்சியிலிருந்து விசைப்படகு எடுத்து குஜராத்துக் கடல்வரை போவோம். டையூ, வேராவல் வெளியே எத்தனையோ ராத்திரி நான் நங்கூரம் இல்லாமல் மிதந்திருக்கிறேன். இங்கேதான் அந்தக் கப்பல் கிடக்கிறது என்று ஒரு மூத்த ஸ்ராங்கு (படகு ஓட்டுபவர்) எனக்குச் சொன்னார். அந்த இடம் வந்தபோது தொப்பியைக் கழற்றினார், நாங்களும் கழற்றினோம். சரியான இடம்தானா என்று அவருக்கும் தெரியாது.

நீங்கள் தண்ணீரில் கிடந்தவர்களைக் கேட்டீர்கள். 2017 ஒக்கிப் புயலில் என் சித்தப்பா மகன் மூன்று நாள் ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். அவன் சொன்னது: முதல் ராத்திரி கூட்டமாகத்தான் இருப்போம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம், பேச்சு நின்றால் அந்த ஆள் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம். டிசம்பரில் அந்தக் கடலில் வடகாற்று அடித்தால் உடம்பு வெடவெடக்கும். எண்ணெய் கலந்த தண்ணீர் வாயில் போனால் வாந்தி எடுத்தே ஆள் தளர்ந்துவிடுவான். குக்ரியில் அடித்தது ராத்திரி. ஆட்களைத் தூக்கியது அடுத்த நாள். இதற்கு நடுவில் எத்தனை பேர் பேச்சை நிறுத்தினார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஒக்கியில் எங்கள் ஊரில் உடல் கிடைக்காத வீடுகள் உண்டு. அங்கேயும் இதே கேள்விதான் இன்றுவரை: எந்தத் திசையில் தேடினார்கள், எப்போது கிளம்பினார்கள், ஏன் இன்னும் கொஞ்சம் மேற்கே போகவில்லை.

பழைய மாலுமி | டிசம்பர் 10, காலை 7:05

கிர்பானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதுதான் அதிகம் வாதம் நடக்கிற இடம்.

ஹங்கோரின் தளபதி அகமது தஸ்னீம் தரப்பு சொல்வது: முதல் டார்பிடோவைக் கிர்பான் மேல் விட்டோம், அடியில் போனது, வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரிக்கு. அது வெடிமருந்து அறைக்குக் கீழே வெடித்து இரண்டு நிமிஷத்தில் கப்பல் போய்விட்டது. மூன்றாவதைத் திரும்பவும் கிர்பான் மேல் விட்டோம். தப்பி வந்த நம் ஆட்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்பைச் சொன்னார்கள். வரிசை பற்றியும் எண்ணிக்கை பற்றியும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை.

கிர்பான் என்ன செய்தது? அதன் நீர்மூழ்கி எதிர்ப்பு மார்ட்டார் கோளாறு. ஆயுதம் இல்லாத கப்பல், எதிரே டார்பிடோ மீதம் வைத்திருக்கிற நீர்மூழ்கி. நின்று ஆட்களைத் தூக்கினால் நிற்கிற கப்பலை அடிப்பது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, இன்னொரு 200 பேர் போவார்கள். கிர்பான் விலகியது. மறுநாள் கச்சல் கப்பலோடு திரும்பி வந்துதான் 67 பேரைக் காப்பாற்றினார்கள். புத்தகப்படி அது சரியான முடிவு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அந்த இடத்தில் அதையே செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். தண்ணீரில் கிடந்தவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது வேறு. கூட வந்த கப்பலின் பின்பக்கம் இருட்டில் போவதை அவன் பார்த்திருப்பான்.

எனக்கு உறுத்துவது அதற்கு முந்திய கேள்வி. கச்சல், கில்தான் மாதிரி சோவியத்திலிருந்து வந்த, இன்னும் நல்ல ஸோனார் உள்ள கப்பல்கள் இருந்தன. அவை கராச்சித் தாக்குதலில் ஏவுகணைப் படகுகளுக்குத் துணையாகப் போயின. புதிதாக வந்திருந்த ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் பம்பாயில் இருந்தன. நீர்மூழ்கியைத் தேட உலகத்திலேயே நல்ல வழி ஹெலிகாப்டர், டார்பிடோ அதை எட்டாது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு பழைய கப்பலைத் தனியாக அனுப்பும் கணக்கு அன்றைக்கு ஏன் போடப்பட்டது? குக்ரி போனபிறகு நாலு நாள் ஹங்கோரைத் துரத்தினார்கள், அது தப்பிப் போய்விட்டது. இப்போது கராச்சியில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தடா செக்போஸ்ட் | டிசம்பர் 10, காலை 11:48

நான் ஆந்திர எல்லை, தடா. அப்பா 1971-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை. டிசம்பர் 3 நடுராத்திரி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து எழுந்து உட்கார்ந்தோம், பூகம்பம் என்று நினைத்து உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தோம் என்பார். அதுதான் பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி. 90-க்கும் மேற்பட்டவர்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. நம் ராஜ்புத் கப்பல் போட்ட ஆழ்வெடியில் போனதா, அது விதைக்க வந்த கண்ணிவெடியே அதற்கு எமனானதா, உள்ளேயே வெடித்ததா என்று இன்றைக்கும் வாதம். அந்தக் காலத்துக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வந்தபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. 2024-இல் கடற்படையின் மீட்பு வாகனம் இறங்கி அந்தச் சிதைவைக் கண்டுபிடித்தது. உள்ளே கிடப்பவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை.

உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி: விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று காஸியை நம்பவைத்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். கிழக்கே அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ப்பக்கத்திலிருந்து மேற்கே போய் மூழ்கினவர்களின் பெயர் தெரியாது. நான் குறையாகச் சொல்லவில்லை அக்கா, இப்போதுதான் எனக்கே தோன்றியது.

விளவங்கோட்டாள் | டிசம்பர் 10, மதியம் 1:30

காஸியில் போனவர்களின் அம்மாக்களும் இதே மாதிரி ஒரு தந்தியோடுதான் இருந்திருப்பார்கள். கராச்சியில் மூழ்கிய பாகிஸ்தானின் கைபர் கப்பலில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். பாட்டி அதையும் சொல்லுவார்.

நான் 2022-இல் டையூ போனேன். கடலைப் பார்த்த மேட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் சின்ன மாதிரி வைத்திருக்கிறார்கள். பிறகு வந்த இன்னொரு குக்ரி, அந்தப் பெயரிலேயே 1989-இல் சேர்ந்தது, அதுவும் ஓய்வுபெற்று டையூவுக்குத்தான் வந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. முந்தானையால் ஒரு இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். மேல்தளம், புகைபோக்கி, சின்னச் சின்னக் கம்பிகூடச் செய்திருக்கிறார்கள். கீழ்த்தளம் தெரியாது, அது மூடியிருக்கும் அல்லவா. எங்கள் மாமன் எந்த இடத்தில் இருந்திருப்பார் என்று அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். மேலே இருந்து தண்ணீரில் குதித்து விடியும்வரை கிடந்தாரா, கீழே இருந்து ஒரு நொடியில் போனாரா. அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

இன்னொரு விஷயம், இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மாமனுடைய கடைசிக் கடிதம் ஒன்று இருக்கிறது, 1971 நவம்பர். இன்லாந்து லெட்டர், நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. மடிப்பு மூன்றிலும் கிழிந்திருக்கிறது, பாட்டி உள்பக்கம் சோற்றுப் பசையால் மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறார். அது முழுக்க மலையாளம். எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் மாமன், மலையாளத்திலேயே படித்து முடித்தார். பாட்டிக்கும் அதுதான் தெரியும். அம்மாவிலிருந்து எல்லாருக்கும் தமிழ். பாட்டி அதை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. அவர் போனபிறகு அம்மா அதை வெளியாள் கையில் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே மலையாளம் தெரிந்தவர்கள் இருந்தும் இத்தனை வருஷம் பெட்டியிலேயே கிடந்தது. நேற்று ராத்திரி உங்கள் பதில்களை வாசித்துக் காட்டியபோது அம்மா தானே எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். படம் எடுத்து என் அண்ணன் மகளிடம் காட்டினேன், திருவனந்தபுரத்தில் படிக்கிறாள், அவளுக்கே பாதிதான் புரிந்தது.

பாறசாலை டீச்சர் | டிசம்பர் 10, மாலை 4:10

புரியாது. அது பழைய லிபி. கேரளாவில் எழுத்துச் சீர்திருத்தம் 1971 ஏப்ரலில்தான் வந்தது, உங்கள் மாமன் பழைய கூட்டெழுத்தில்தான் எழுதியிருப்பார், இப்போதைய பிள்ளைகளுக்குத் திக்கும். நான் 31 வருஷம் மலையாளம் சொல்லிக்கொடுத்தவள், வீட்டில் தமிழ். எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். நான் வாசித்துத் தமிழில் எழுதித் தருகிறேன். வேறு யார் கண்ணிலும் படாது.

பாறசாலை டீச்சர் | டிசம்பர் 10, இரவு 9:25

அனுப்பிவிட்டேன். நல்ல கையெழுத்து. ஒரு இடத்தில் பசை எழுத்தைத் தின்றிருக்கிறது, அங்கே ஊகித்து எழுதவில்லை, இடம் விட்டிருக்கிறேன்.

விளவங்கோட்டாள் | டிசம்பர் 11, காலை 6:15

டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதக்கூடாது என்று இருந்திருக்கலாம். மேற்குப்பக்க ஓடு மாற்றினீர்களா, மழைக்கு முன்னால் செய்யச் சொன்னேனே. சிவப்புப் பசு கன்று போட்டதா. மரச்சீனியை (மரவள்ளி) பிடுங்க அவசரப்படவேண்டாம், விலை வரட்டும். தங்கச்சி மலையாளமும் படிக்கட்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவதை அவள் எப்படி வாசிப்பாள். இந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

கடைசிக்கு முந்தின பத்தியில் இப்படி இருக்கிறது: எனக்கு இப்போது ராத்திரி வேலை. எட்டு மணிக்குக் கீழே இன்ஜின் அறைக்கு இறங்கினால் பன்னிரண்டு மணிக்குத்தான் மேலே வருவேன், கீழே நல்ல சூடு, நம் வீட்டு அடுக்களை மாதிரி, அதனால் குளிருக்குக் கம்பளி அனுப்பவேண்டாம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு. டார்பிடோ அடித்தது 8:50 வாக்கில்.

பழைய மாலுமி | டிசம்பர் 11, காலை 7:30

தங்கச்சி, ஒன்று சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. கப்பலில் வாட்ச், அதாவது வேலை முறை, மாறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரையுள்ள நேரத்தை இரண்டாக உடைப்பதே அதற்குத்தான், ஒரே ஆள் தினமும் ஒரே நேரத்தில் மாட்டக்கூடாது என்று. நவம்பரில் அவர் எட்டு மணிக்கு இறங்கினார் என்றால் டிசம்பர் 9-ஆம் தேதியும் அப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றைய வாட்ச் பட்டியல் கப்பலோடு போய்விட்டது. ஆனால் அவர் இன்ஜின் அறை ஆள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். போர் நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் கீழேதான். தப்பிய 67 பேரில் யாராவது அவரோடு வேலை பார்த்தவர் இன்னும் இருந்தால் சொல்லக்கூடும். பழைய ஆட்களிடம் நான் விசாரிக்கிறேன், இரண்டு மூன்று பேருடைய எண் என்னிடம் இருக்கிறது.

நேரடி96 | டிசம்பர் 11, காலை 8:02

அக்கா, நான் முதலில் எழுதியது தப்பு. கப்பல் மூழ்கியதைப் பற்றிக் கடற்படையிடம் என்ன பதிவு இருக்கிறதோ அதைக் குடும்பங்களுக்காவது கொடுக்கவேண்டும். விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன், எனக்கு அது பழக்கம்.

விளவங்கோட்டாள் | டிசம்பர் 11, இரவு 8:40

எழுது தம்பி. அண்ணன், நீங்களும் விசாரியுங்கள், அவசரம் இல்லை என்று சொல்லமாட்டேன், அம்மாவுக்கு வயசாகிவிட்டது.

வாட்ச் மாறும் என்று நீங்கள் எழுதியதையும் அம்மாவுக்கு வாசித்தேன். தலையை ஆட்டினார். அப்புறம் கடிதத்தைக் கையில் வாங்கி அந்தச் சூடு என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். டீச்சர் அனுப்பியதை வைத்து வரியை எண்ணிக் காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், சாப்பிட இன்னும் வரவில்லை.